சேராத புருவம்

தன் பூனையின் பின்கழுத்தில் யாரோ ஒருவன் கத்தரிக்கோல் வைத்திருப்பதைப் பார்த்தபோது ஃபரங்கீஸ் கத்தவில்லை. கத்துவது அவள் வழக்கமில்லை. இஸ்பஹானின் பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மருந்துக்கடையில் எட்டு வருஷமாக நிற்கிறாள். இருமுகிறவர், முறைக்கிறவர், சீட்டைத் தூக்கி எறிகிறவர் எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவள். அதே குரலில்தான் கேட்டாள்.

"முழு மொட்டையா, இல்ல ஓரம் மட்டும்தானா?"

சந்து மூலையில் குந்தியிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் நீலமும் பச்சையுமாகச் சாயம். பூனையோ அவன் வைத்த ஈரல் துண்டைத் தின்றுகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இருந்தது.

"உங்க பூனையா கானும்?" என்றான், அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லில்.

"ஆமா. நபாத்னு பேரு. கற்கண்டு மாதிரி இருக்குன்னு வச்சது. இப்பக் கற்கண்டுல ஒரு மூலை உடைஞ்சிருக்கு."

"மன்னிச்சுக்கங்க... தெருப் பூனைன்னு நினைச்சேன்."

"தெருப் பூனைன்னா கேக்க நாதியில்லைன்னு வெட்டிடலாமா?"

"மத்த தெருப் பூனை எதுவும் சரிப்படல. மூணு நாளா இந்தத் தெருவுல சுத்துறேன். ஒண்ணுக்கு முடி கட்டை. இன்னொண்ணுக்கு முரடு. இதுக்குத்தான் நீளமா, நுனி கூரா, வெள்ளையா..."

"பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரிப் பேசுறீங்க."

அவன் சிரித்துவிட்டான். அப்போதுதான் அவன் கண்களைக் கவனித்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்த தேநீரின் நிறம்... கவனித்ததைக் கவனித்துவிட்டு, பார்வையைப் பூனையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் பெயர் சொரூஷ். பழைய பேனாப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். புறா இறகின் காம்பில் பூனை முடியைக் கட்டித்தான் தூரிகை செய்வானாம். கடையில் விற்கிற தூரிகையில் கோடு தடித்துப் போகுமாம்.

"அவ்வளவு மெல்லிசா எதைப் போடப் போறீங்க?"

"ஒரு கண்ணிமை."

"ஒரு இமைக்கு என் பூனையோட பாதிக் கழுத்தா?"

"ரெண்டு கண்ணு இருக்கே கானும்" என்றான் அவன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இதுவரை எல்லாம் சாதாரணம். ஆனால் அன்று காலைதான் அவள் வீட்டில் வேறொரு பேச்சு நடந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய வெள்ளிக்கிழமை தூபா கானும் என்கிற பெரிய இடத்து அம்மாள், தன் மகன் இராஜுக்காக அவளைப் பெண் கேட்டு வந்து போயிருந்தாள். இராஜ் பல் டாக்டர். நல்ல உயரம், நல்ல பேச்சு, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஃபரங்கீஸிடம் ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அன்று காலை அப்பா அம்மாவிடம் மூன்று வாரம் தவணை கேட்டிருந்தாள். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் சரி என்று சொல்லிவிடுவதாக அவளே தீர்மானித்து வைத்திருந்தாள். இருபத்தொன்பது வயதில் இதற்கு மேல் எதற்குக் காத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை, நபாத்தைக் கூடையில் தூக்கிக்கொண்டு சொரூஷின் பட்டறைக்குப் போனாள். பழைய சத்திரத்தின் மாடியில் ஒரே ஒரு அறை. கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'மெருகு காய்கிறது. மெதுவாகத் திறக்கவும். தூசி பட்டால் கொலை விழும்.'

மெதுவாகத்தான் திறந்தாள். "கோணலா வெட்டியிருக்கீங்க. ஒரு பக்கம் பள்ளமா இருக்கு. வந்து ஒழுங்கு பண்ணிக் குடுங்க."

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பின்ன, பூனை தனியா வருமா?"

அவன் கத்தரியை எடுத்தான். அவள் அறையைப் பார்த்தாள். மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. காகிதக் கூழில் செய்தது. ஒன்றரைச் சாண் நீளம், இரண்டு முனையும் உருண்டை. உள்ளறையை நாக்கை நீட்டுவதுபோல வெளியே இழுக்கலாம். மேலெல்லாம் ரோஜாவும் புல்புல் பறவையும் நெருக்கி நெருக்கி வரைந்திருந்தது. நூற்றைம்பது வருஷத்து மெருகு மஞ்சளடித்து, நீலமாக இருக்க வேண்டியதெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. பக்கங்களில் சின்னச் சின்ன வட்டங்களில் ஐந்து பெண்கள். மேல்மூடியின் நடுவில் ஆறாவது பெண்... அவளுக்கு மட்டும் முகமே இல்லை.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"திறக்கும்போது கட்டைவிரல் படுற இடம் அதான். யார் யாரோ தேச்சுத் தேச்சு, முகம் போயிடுச்சு. இமை இவங்களுக்குத்தான்."

அவள் குனிந்து மற்ற ஐவரையும் பார்த்தாள். ஐந்தும் ஒரே முகம். வட்ட முகம், பொட்டு வாய், கன்னத்தில் மச்சம். புருவங்கள் மூக்கின் மேல் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாக ஓடின.

"அஞ்சும் ஒரே ஆளா?"

"அந்தக் காலத்துல அழகுன்னா இதான். ஆளைப் பார்த்து வரையிற பழக்கமே கிடையாது. புருவம் சேரலைன்னா அது அழகே இல்ல."

"அப்ப எனக்கெல்லாம் அந்தக் காலத்துல கல்யாணமே ஆகியிருக்காது."

அவன் அவள் புருவங்களைப் பார்த்தான். தூரமாகப் பிரிந்து கிடந்த இரண்டு புருவங்கள். இடது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் அம்மை போட்ட ஒரு சின்னக் குழி. அவன் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம்தான்... பூனை வாலை அசைக்கவே, இருவரும் அவசரமாகப் பூனையின் கழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு புதன்கிழமை போனாள். சனிக்கிழமை போனாள். மறுபடி திங்கள். பூனையின் கழுத்தில் திருத்துவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் ஒரு இதழுக்கு நிழல் போடுவதை அவள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கேலி செய்வான், அவள் திருப்பிக் கொடுப்பாள். தேநீர் ஊற்றிக் கொடுப்பான். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே அவள் அவன் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பாள். மருந்துக்கடையில் ஒருநாள் தலைவலி மாத்திரை கேட்டவரிடம் இருமல் மருந்தைக் கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்தில் கையை இழுத்துக்கொண்டாள். எட்டு வருஷத்தில் அது முதல் தடவை.

இரண்டாவது வாரம் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். எட்டு மாதம் வறண்டு கிடந்த ஆறு. தண்ணீர் வருகிறது என்றால் இஸ்பஹானில் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? வியாழன் மாலை ஊரே பாலத்தில் நின்றது. ஃபரங்கீஸ் அப்பா அம்மாவைப் புல்லில் ஃபிளாஸ்க்கோடு உட்கார வைத்துவிட்டு, பாலத்தின் கீழ்த்தளத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு வளைவுக்குள் சொரூஷ் நின்று, தள்ளுவண்டியில் வாங்கிய அவித்த பீட்ரூட்டைத் தின்றுகொண்டிருந்தான். உதடெல்லாம் சிவப்பு.

"யார்கிட்ட அடி வாங்கினீங்க?" என்றாள்.

அவன் வாயைத் துடைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இலையுதிர்காலத்து முதல் மழை... சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கீழே ஆறு, மேலே மழை, நடுவில் ஒரு வளைவு. அவள் தலைத்துணியின் ஓரத்திலிருந்து சொட்டிய நீர் இமையில் நின்றது. அவன் அந்தத் துளியைப் பார்த்தான். அவள் அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "...நல்ல குடும்பமா?"

"நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளை பல் டாக்டர்."

"அப்பப் பல்லுக்குக் கவலையில்ல."

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை வராங்க. மறுநாள் பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது கானும்..." அவன் ஆற்றைப் பார்த்துப் பேசினான். "வாடகை ரூம்ல உட்கார்ந்து ஊரார் பெட்டிக்குப் பூ போடுறவன் நான். பல் டாக்டர்னா... நல்ல இடம். நல்லா இருப்பீங்க."

இவ்வளவுதானா? இவனிடம் போய்க் கேட்டோமே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் அழுகை இருந்தது. அதை மேலே வரவிடவில்லை.

"மழை விட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள்.

அதன்பின் அவள் பட்டறைப் பக்கம் போகவில்லை. கதவு எப்போது மெதுவாகத் திறக்கும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

வெள்ளிக்கிழமை தூபா கானும் மகனோடு வந்தாள். பூங்கொத்து, ஒரு பெட்டி மிட்டாய், அதோடு வெல்வெட்டில் சுற்றிய ஏதோ ஒன்று. ஃபரங்கீஸ் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது, தூபா கானும் வெல்வெட்டைப் பிரித்து அப்பாவின் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் கையெழுத்து சொல்லிக் குடுத்தவர்னு கேள்விப்பட்டோம். இது எங்க வீட்டுப் பேனாப் பெட்டி. உங்ககிட்ட இருந்தாத்தான் மரியாதை. பழுது பார்த்துக் கொண்டாந்திருக்கேன்."

அந்த ரோஜாக்களை ஃபரங்கீஸுக்குத் தெரியும். எந்த இதழுக்கு என்றைக்கு நிழல் போட்டான் என்பதுகூடத் தெரியும்.

அப்பா நுஸ்ரத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். "அட... இது நம்ம..."

"டீ ஆறுது" என்றார் அப்பா.

"எங்க வம்சத்துப் பொண்ணுங்க எல்லாருக்கும் இதே சாயல்தான்" என்றாள் தூபா கானும் பெருமையாக. "பார்த்தாலே தெரியும்."

பெட்டி இராஜ் கைக்குப் போனது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஃபரங்கீஸ் அவன் முன்னால் தட்டை நீட்டிக் குனிந்து நின்றாள். அவனுடைய ஒரு கையில் பெட்டி, மறுகையில் கோப்பை. ஒரு முழத் தூரத்தில் அவள் முகம்.

"நல்ல வேலைப்பாடு" என்றான், அவளைப் பார்த்தே. "இந்த மாதிரி முகமெல்லாம் இந்தக் காலத்துல எங்க பார்க்க முடியுது?"

அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். மூடியின் நடுவில் ஆறாவது பெண்ணுக்கு முகம் வந்திருந்தது. புருவங்கள் இரண்டும் சேரவில்லை. இடது புருவத்துக்கு மேல் ஊசிமுனை அளவில் ஒரு குழி. இமையில் ஒரு நீர்த்துளிகூட நின்றது.

அடப்பாவி... என்று மனசு சொன்னது. பாலத்துக்குக் கீழே வாய் திறக்காதவன் இங்கே ஊரைக் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கிறான். கோபம் காதுவரை சுட்டது. அதோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது, வெட்கமில்லாமல். இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஃபரங்கீஸ், இதைப் போட்டவன் யாரு?"

"நபாத் முடியை வெட்டினவர்."

"புருவத்தைப் பிரிச்சிருக்கான். இந்த வேலை தெரிஞ்ச எவனும் கை தவறிக்கூட அப்படிப் பிரிக்க மாட்டான்."

"தெரியும்ப்பா."

"உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"'நல்லா இருப்பீங்க'ன்னான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா பெட்டியை வெல்வெட்டில் சுற்றினார். "நீ சரின்னு சொன்னா, அடுத்தவன் உன்னைப் பார்த்துப் பார்த்துப் போட்ட முகம் மாப்பிள்ளை வீட்டுச் சீரா நம்ம அலமாரில உட்கார்ந்திருக்கும். அது ஆகாது. இல்லன்னு சொன்னா, உன் முகம் அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகும். அதுவும் ஆகாது. நாளைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. சரியா, இல்லையாங்கிறது உன் இஷ்டம். நான் உன்னைத் தள்ள மாட்டேன், பிடிச்சும் வைக்க மாட்டேன்."

மறுநாள் காலை, பட்டறைக் கதவை அவள் மெதுவாகத் திறக்கவில்லை.

சொரூஷ் நிமிர்ந்தான். அவளைப் பார்த்து முகம் மலர்ந்தது. கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே வெளுத்தது. "இது எப்படி உங்ககிட்ட..."

"அந்தப் பல் டாக்டரோட அம்மாதான் தூபா கானும். பரிசு எங்க அப்பாவுக்கு."

அவன் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "யாரோ பெரியவருக்குன்னுதான் சொன்னாங்க. எனக்குத் தெரியாது கானும். சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா... புருவத்தைச் சேர்த்திருப்பேன்."

"ரொம்ப நல்லது. இப்ப யாரோட அலமாரிலயோ என்னை வச்சுட்டு, நீங்க பாட்டுக்கு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பீங்க. அதானே?"

அவன் பொய் சொல்லவில்லை. "அதான்" என்றான். "பாலத்துலேர்ந்து வந்து உட்கார்ந்தேன். அஞ்சு முகத்தைப் பார்த்து ஆறாவதைப் போடுறதுதான் முறை. பதினோரு வருஷமா அப்படித்தான் போடுறேன். அன்னைக்குக் கை கேக்கல. போட்டு முடிச்சுப் பார்த்தா நீங்க. அழிக்க மனசு வரல."

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"பூனையையும் கேக்கல, என்னையும் கேக்கல. உங்களுக்கு வேணுங்கிறதைக் கேக்காம எடுத்துக்குவீங்க. வாயைத் திறந்து கேக்க வேண்டிய இடத்துல மட்டும் 'நல்ல குடும்பமா'ம்பீங்க."

அவன் தலை குனிந்திருந்தது. வெளியே சத்திரத்து முற்றத்தில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதை அழிக்க முடியுமா?"

"முடியும். பழசுமேல ஒரு மெருகு போட்டு, அதுக்கு மேலதான் வரைஞ்சிருக்கேன். நாளைக்கு என்னைவிட நல்லா வரையிறவன் வந்தா, என் தப்பை மட்டும் எடுக்கணும் இல்லையா... ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சு போதும்."

"எடுங்க."

பஞ்சை நனைத்தான். பெட்டிக்கு மேல் கொண்டுபோனான். கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தான். மறுபடி கீழே வைத்தான்.

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். கண்ணாடியில் இத்தனை வருஷம் பார்த்த முகம்தான். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சிரிக்காமல் பேசுகிறவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவளுக்கு, அந்தச் சிரிப்பு தன்னிடம் இருப்பதே தெரியாது. இவனிடம் பேசும்போது மட்டும் வந்திருக்க வேண்டும். தன்னை ஒருவன் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறான். அந்த முகத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்போல ஆசையாக இருந்தது.

துடைத்தாள். முதலில் குழி போனது, பிறகு புருவங்கள். கடைசியில் அந்தச் சிரிப்பு. பஞ்சில் ஒரு பழுப்புக் கறை மட்டும் மிஞ்சியது.

சொரூஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்தது என்று அவன் முதுகிலேயே எழுதியிருந்தது.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"என்ன சொல்ல?"

"பெட்டிமேல போட்டிருந்தீங்களே, அதை. வாயால."

அவன் திரும்பினான். சாயம் படிந்த விரல்களை அங்கியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "நல்லா இருப்பீங்கன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். நீங்க வேற வீட்டுக்குப் போனா நான் நல்லா இருக்க மாட்டேன். ஒரு வாரமாக் கதவையே பார்த்துக்கிட்டிருக்கேன். வேலை ஓடல. சாப்பாடு இறங்கல. எங்கிட்ட வீடு இல்ல, பெரிய பேர் இல்ல. அதனால கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன். இப்பக் கேக்குறேன். உங்களைப் பிடிச்சிருக்கு ஃபரங்கீஸ். ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்குவீங்களா?"

'கானும்' விழுந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றதை அவள் கவனித்தாள். கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

"சாயங்காலம் தூபா கானுமுக்கு இல்லன்னு சொல்லப் போறேன்" என்றாள். "நீங்க வாயைத் திறக்காட்டாலும் சொல்லியிருப்பேன். தட்டை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நின்னப்பவே முடிவு பண்ணிட்டேன். அதனால நீங்க சொன்னதுக்காக இல்லன்னு நினைச்சுக்கங்க."

"சரி..."

"பெட்டியை ஒழுங்கா முடிச்சு, நீங்களே போய் அவங்க கையில குடுங்க. முகம் சரியா வரல, மறுபடி போட்டேன்னு சொல்லுங்க. பொய்யில்லையே."

"பொய்யில்ல."

"அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. பூ கொண்டு வாங்க. அப்பா ஆயிரம் கேள்வி கேப்பார். பொறுமையாப் பதில் சொல்லுங்க. அம்மா உங்களை முறைப்பாங்க. சாப்பிட்டுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லுங்க."

"சரி. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும்..."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். நிறைந்திருந்த கண் வழிந்தது. குரல் மட்டும் எப்போதும்போலத்தான் இருந்தது.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு சொரூஷ். கட்டிக்கிறேன். இதை எங்கயும் வரைஞ்சு வைக்க வேணாம். ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்."